இரும்பா பித்தளையா என்று கேட்ட டாக்டரம்மா

நேற்றுக் காலையில் என் மூத்த மகள் கண் உறுத்துகிறது என்று கடைத்தெருவிலிருந்து ஒரு குப்பி இளநீர்க்குழம்பு என்கிற கண் மருந்து வாங்கி வந்து மூடியைத் திறந்தாள். பச்சைக் கற்பூரமும் தேனும் கலந்த அந்த வாசனை சமையலறை வரைக்கும் வந்தது. நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், குப்பியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். கல்லில் பட்டு உடைந்தது. மகள் அழுதாள், அவள் அம்மா என்னைத் திட்டினாள், எதிர்வீட்டுச் சேட்டன் எட்டிப் பார்த்தான். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும். அதனால்தான், நீ செத்து ஐந்து மாதம் ஆன பிறகு, என் படிப்பை நம்பி உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனால் அந்தக் காலத்து ஐந்து. இப்போதைய காலேஜுக்குச் சமம்.

நம் கதையை நான் சொல்லாத சாயாக்கடை மட்டாஞ்சேரியில் கிடையாது. கடைக்குக் கடை கொஞ்சம் வளர்ந்தும் போயிருக்கிறது. உனக்கு எழுதும்போது அப்படி வளர்க்க முடியாது. நீ அங்கே இருந்தவன்.

அந்த நாள்களில் கொச்சித் துறைமுகத்தில் கூலிவேலை எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்பமாட்டேன் என்கிறார்கள். விடிந்ததும் கேட்டுக்கு வெளியே முந்நூறு பேர் நிற்போம். ஆள் எடுக்கும் கங்காணியான மூப்பன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, கையில் இருக்கும் பித்தளை வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அதற்குச் சாப்பா என்று பெயர். சாப்பாவைப் பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. கோழிக்கு அரிசி வீசுவதுபோலத்தான், ஆனால் கோழிகள் ஒன்றையொன்று கொல்லப் பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்தோம். முழங்காலால் அடிவயிற்றில் இடிப்போம், விழுந்தவன் முதுகில் ஏறி நிற்போம், சாப்பாவை மிதித்துக்கொண்டு நிற்பவனின் கால் கட்டைவிரலைக் கடித்துத் தூக்குவோம். ஒருநாள் ஒருவன் சாப்பாவை வாய்க்குள் போட்டுக்கொண்டான். இரண்டு பேர் அவன் தாடையைப் பிடித்து, நாயின் வாயைத் திறப்பதுபோல் திறந்து எடுத்தார்கள். ஒருவன் நான். இன்னொருவன் நீ. அன்றைக்குச் சாயங்காலம் நாம் வயிறு முட்டக் கப்பைக்கிழங்கும் மீனும் தின்றோம். நினைவிருக்கிறதா.

நாம் இரண்டு பேரும் அங்கே பெயர்பெற்ற ஜோடி. நான் தோளால் கூட்டத்தைப் பிளப்பேன், நீ குனிந்து எடுப்பாய். பிளப்பது எந்த எருமைக்கும் வரும். உன் கண் யாருக்கு வரும்? சாப்பா மூப்பனின் கையை விட்டுக் கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று உனக்குத் தெரிந்துவிடும். "அண்ணாச்சி, எடதுகைப் பக்கம், பச்சைத் தலைப்பாக்காரன் காலுக்கிடையில" என்பாய். அங்கேதான் விழும். உன் பெண்டாட்டிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்தக் கண்தான் சோறு.

அந்தக் கண்ணில் அடிபட்ட கதையை ஊருக்கு நான் சொன்னது இப்படி. எதிர்க்கூட்டத்து அந்தோணியின் ஆட்கள் பதினாலு பேர் நம்மை வளைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை உன் முகத்தில் வீசினான். நான் அதைப் பிடுங்கி, வெறுங்கையால் வளைத்து, அவன் கழுத்திலேயே மாலையாகப் போட்டு அனுப்பினேன். ஊருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல்காரன் இதையே எனக்குத் திரும்பச் சொன்னான். அவன் கதையில் கொக்கி இரண்டு.

நீ இதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகை அறையில் பாயில் படுத்து, கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தாய். நான்தான் இளநீர்க்குழம்பு வாங்கி வந்தேன். நாலு சொட்டு போதும் என்று உன் பெண்டாட்டி சொன்னாள். அடி பெரிதல்லவா, நான் அரைக் குப்பி ஊற்றினேன். நீ அலறிய அலறலில் பக்கத்துக் கிடங்கில் சுக்குப் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு ஓடி வந்தார்கள். என் மணிக்கட்டைக் கடித்தாய், சதை வந்தது. "எரிஞ்சாத்தாம்லே குணம்" என்று சொல்லி உன் நெஞ்சின்மேல் உட்கார்ந்து மிச்சத்தையும் ஊற்றினேன். அடிபட்ட கண்ணில் எதையும் விடக்கூடாது என்று எந்த ஐந்தாம் வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் நாள் கண் அத்திப்பழம்போல் வீங்கி, ஓரத்தில் சீழ் வைத்தது. நல்ல கண்ணுக்கும் வெளிச்சம் ஆகவில்லை. கதவைத் திறந்தால் துடித்தாய். ஒரு கண் அழுகினால் மற்றதையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்று சுக்குப் புடைக்கிற கிழவி சொல்லிவிட்டுப் போனாள். உன் பெண்டாட்டி என்னை வெளியே கூப்பிட்டாள். அழவில்லை. "அண்ணாச்சி, ஒத்தக் கண்ணு போனாப் போட்டும். ரெண்டும் போச்சுன்னா இந்தப் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நான் காயல்ல எறங்கிருவேன். நல்ல கண்ணு டாக்டரா பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், சந்தையில் நாலு சக்கர வண்டியில் குப்பி அடுக்கி வைத்திருந்தவனிடம் போனோம். அவன் கண்ணின்மேல் அட்டை விடவேண்டும் என்று ஜாடியைத் திறந்தான். அவன் வண்டியைக் கவிழ்த்தேன். அட்டைகள் தெருவெல்லாம் நெளிந்தன, மீன்காரிகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு படகு பிடித்து எர்ணாகுளம் போனோம். ஓர் இங்கிலீஷ் போர்டை நான் எழுத்துக்கூட்டி வாசித்து, டாக்டர் என்பது உறுதியானதும் உன்னை உள்ளே தள்ளினேன். அவன் உன்னை நாற்காலியில் சாய்த்து வாயைத் திற என்றான். கண் வலிக்கு எதற்கு வாய் என்று நான் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான், அவன் பல் டாக்டர் என்று தெரிந்தது. அதற்குள் அவனுடைய ஆள் என் தலையில் ஸ்டூலால் அடித்துவிட்டான். கண் கட்டிய நீ, கண் கட்டாத என்னைக் கைப்பிடித்துப் படகுத்துறைக்குக் கூட்டி வந்தாய். "அண்ணாச்சி, டாக்டர் கெடைக்கிறதுக்குள்ள இந்த ஊர்ல டாக்டரே மிஞ்சமாட்டான் போலிருக்கே" என்றாய். அந்த வலியிலும் சொன்னாய்.

படகில் வரும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கண் டாக்டரைப் பற்றிக் கண் நன்றாக இருப்பவனுக்கு என்ன தெரியும்? கண் போனவனைக் கேட்க வேண்டும். நமக்குத் தெரிந்து கண் போனவன் ஒருவன்தான். அந்தோணி. கப்பலில் கம்பி அறுந்து அடித்து ஒரு கண் போனவன், மிச்சக் கண்ணால் காயலுக்கு அக்கரையில் நிற்பவன் பீடி பிடிக்கிறானா சிகரெட் பிடிக்கிறானா என்று சொல்லக்கூடியவன். அவன் கூட்டத்தோடுதான் நாம் தினமும் மண்டையை உடைத்துக்கொண்டோம். நாலு நாளைக்கு முன்பு அவன் உதட்டை நான் கிழித்திருந்தேன்.

சாயாக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உதட்டில் தையல். அவனைச் சுற்றி அவன் ஆட்கள். நான் உள்ளே போனதும் எல்லாக் கண்ணாடி டம்ளரும் கீழே வைக்கப்பட்டன.

"எந்தாடா பாண்டி, மிச்ச உதடும் வேணுமோ?"

"அந்தோணிச் சேட்டா, ஒமக்குக் கண்ணு பாத்த டாக்டரு யாரு?"

அவன் எனக்குப் பின்னால் நின்ற உன்னைப் பார்த்தான். துணியை விலக்கச் சொன்னான். விலக்கினாய். அவன் ஆட்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தோணி எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டான். காது பாடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் திருப்பிக் கொடுக்காத அடி அது ஒன்றுதான். சரி, இரண்டு இருக்கும்.

"இது உதட்டுக்கு. வா. ஒரு கண்ணு எடுத்து மற்றே கண்ணு காப்பாத்தின ஆளு இவிடெத்தன்னெ உண்டு. எர்ணாகுளம் படகுல எறங்கினது கண்டேன். அங்கே போயி அலையுது, மடையன்."

யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. போர்டு கிடையாது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு. டாக்டரம்மாவுக்கு அறுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். பாலக்காட்டுத் தமிழ், மெலிந்த உடம்பு, சோடாப் புட்டிக் கண்ணாடி. "தனக்கே கண்ணு தெரியாத அம்மா எனக்கு என்னத்தப் பாக்கப்போறா" என்று என் காதில் சொன்னாய். அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது. "என் கண்ணு மோசமாக்கும், அதான் மத்தவா கண்ணோட அருமை தெரியறது. உக்காரு" என்றாள்.

விளக்கைக் கிட்டத்தில் வைத்து ஒரு கண்ணாடி வில்லையால் உன் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உன்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"யாராக்கும் அடிச்சது?"

"பதினாலு பேரும்மா."

"பதினாலு பேரும் இந்தப் பொத்தல் வழியா உள்ளே போனாளோ? கண்ணுல பட்டது என்ன?"

"இரும்புக் கொக்கிம்மா. இம்புட்டு நீளம்."

"கொக்கி பட்டா கண்ணு கிழிஞ்சு தொங்கும். இது எள்ளத்தனை பொத்தல். உள்ளே ஒரு துண்டு இருக்கு, எனக்குப் பாக்க முடியலை, மறைச்சுண்டிருக்கு." விளக்கை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். என் மார்பு உயரம்தான் இருந்தாள். "கேட்டுக்கோ. இரும்புன்னா எங்கிட்ட காந்தம் இருக்கு. கண்ணைக் கீறி இழுத்துடுவேன். இரும்பு இல்லேன்னா காந்தத்துக்கு அது வராது. கண்ணைத் தெறந்து வெச்சுண்டு நான் காந்தத்தைக் காட்டிண்டு நிக்கறதுக்குள்ள உள்ளே இருக்கறதெல்லாம் வெளியே வந்துடும். அப்புறம் இந்தக் கண்ணு போகும். இது போற போக்குல மத்தது நிக்கும்னு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். துறைமுகத்துல பித்தளை வில்லைக்கு அடிச்சுக்கறேள்னு எனக்குத் தெரியும். ஒரே தடவை கேக்கறேன். இரும்பா, பித்தளையா?"

கதவருகில் அந்தோணி நின்றான். நீ தரையை வெறித்தபடி என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஊரில் எல்லாரும் இரும்பு என்று நம்பியாயிற்று. நானே பாதி நம்பியிருந்தேன்.

பித்தளை என்றேன்.

கதவருகில் நிற்கிற அந்தோணி காதிலும் விழும் என்று தெரிந்தே சொன்னேன். என் கல்யாணத்துச் சீர்ப் பித்தளைத் தாம்பாளத்தை வெட்டி, நானே உளியால் கள்ளச் சாப்பா செய்திருந்தேன். ஆறு. கூட்டம் பாயும்போது ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நானும் பாய்வேன், உருளுவேன், நாலு பேரை மிதிப்பேன், பிறகு எடுத்துவிட்டதுபோல் கையைத் தூக்குவேன். உனக்குக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆள்குவியலுக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். எவனோ என் மணிக்கட்டைப் பிடித்தான். கள்ளச் சாப்பாவைப் பிடுங்க வருகிறான் என்று, அதை விரலிடுக்கில் வைத்த கையாலேயே மேல்நோக்கி ஓங்கிக் குத்தினேன். பிடித்தவன் நீ. என்னை மூச்சுமுட்டாமல் வெளியே இழுக்கக் குனிந்த நீ. கையைப் பார்த்தபோது சாப்பாவின் விளிம்பில் ஒரு துணுக்கு உடைந்து போயிருந்தது.

இவ்வளவையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

அந்தோணிக்கு ஒரு தம்பி இருந்தான். கள்ளச் சாப்பா ஒன்று கூடும்போதெல்லாம் கணக்கில் ஓர் ஆள் கூடும், மூப்பன் யாரையாவது கள்ளன் என்று இழுத்துப் போட்டு அடிப்பான். முந்தின வாரம் அந்தத் தம்பியை இழுத்துப் போட்டு, அவன் கையில் நல்ல சாப்பா இருக்கும்போதே, அந்தக் கையை உடைத்திருந்தான். அந்தோணி கதவிலிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை. முதல் குத்தில் என் மூக்கு போயிற்று. இரண்டாவதில் இரண்டு பல். சுவரோடு சாய்த்துக் கழுத்தை நெரித்தான். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

டாக்டரம்மா கத்தவில்லை. எனாமல் தட்டை எடுத்து அந்தோணியின் மண்டையில், பாறையில் துணி அடிப்பதுபோல் மூன்று தரம் அடித்தாள்.

"இது என் வீடாக்கும். கொல்லணும்னா தெருவுல கொண்டுபோய்க் கொல்லு. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கை அலம்பிண்டு வாங்கோ. நீ காலைப் பிடி. நீ தலையைப் பிடி. அசைஞ்சா கண்ணு போச்சு."

நாங்கள் கை அலம்பினோம். அந்தோணி உன் கால்மேல் உட்கார்ந்தான். நான் உன் தலையை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டேன். ஊசி போட்டும் உனக்கு முழுக்க மரக்கவில்லை. உன் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்ததையும், அவள் கத்தி அந்த வெள்ளைக்குள் இறங்கியதையும், உன் வாயில் வைத்த துணியை நீ கடித்துக் கிழித்ததையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூக்கு ரத்தம் உன் நெற்றியில் சொட்டக்கூடாதென்று தலையை அண்ணாந்தால் கை தளரும் என்பதால், அதை மூச்சோடு உள்ளே இழுத்து விழுங்கினேன். உன்னைப் பிடிப்பது ஒரு காளையைப் பிடிப்பதுபோல் இருந்தது. இரண்டு காளை என்றும் சொல்லலாம். கடைசியில் கிண்ணத்தில் டிங் என்று விழுந்தது. உளுந்தில் பாதி. மஞ்சளாக, என் தாம்பாளத்தின் பாலிஷ் போகாமல் இருந்தது.

"இதுக்குக் காந்தம் வெச்சிருந்தா நாளைக்கு வரைக்கும் வந்திருக்காது" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தெருவில் அந்தோணியின் ஆட்கள் நின்றார்கள். நீ உள்ளே கட்டிலில் கிடந்ததால் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது, ஆகவே இருபது என்று வைத்துக்கொள். தோள்பட்டை எலும்பு முறிந்தது, விலா இரண்டு. இந்தத் தடவை நான் திருப்பி அடித்தேன், ஏனென்றால் உன் கண் முடிந்துவிட்டது, இனி என்னவானாலும் சரி. அதன்பிறகு துறைமுகக் கேட்டுப் பக்கம் என்னை யாரும் விடவில்லை. சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனேன், இன்றைக்கும் அங்கேதான்.

இடது கண்ணில் உனக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. வலது கண் நின்றது. உன் பெண்களின் கல்யாணத்தில் இரண்டு மாப்பிள்ளைகளின் மீசையும் ஒரே அளவில் இல்லை என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு நின்றது. டாக்டரம்மா அதைப் பார்க்க மாதம் ஒருமுறை வரச்சொன்னாள். ஒவ்வொரு முறையும் நானும் வந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் என்னைத் தெருவிலேயே நிற்கச் சொன்னாள்.

முதல் முறை கட்டுப் பிரித்த அன்று, மிளகுக் கிடங்குச் சுவரில் சாய்ந்து நின்று நீ சொன்னாய்:

"நீரு குத்தினது எனக்கு அப்பமே தெரியும் அண்ணாச்சி. இந்தக் கண்ணு கடைசியாப் பாத்ததே உம்ம கையத்தான்."

"பெறவு ஏம்லே அந்தம்மாகிட்ட சொல்லல?"

"நீரு சொல்லுவீரான்னு பாத்தேன்."

"நான் சொல்லலன்னா?"

"இன்னும் ரெண்டு மூச்சு பாத்துட்டு நானே சொல்லியிருப்பேன். எனக்குக் கண்ணு வேணும்லா. ஆனா அதுக்கப்புறம் ஒம்ம மூஞ்சிய எந்தக் கண்ணால பாக்க?"

அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை. பதினான்கு வருஷம். சாயாக்கடையில் நான் கொக்கியை வளைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய். "வளைச்சாரு, நான் பாத்தேன்" என்றும் சொல்லியிருக்கிறாய்.

நீ கவனித்தாயோ என்னவோ, அந்த நாளிலிருந்து நான் உன் இடதுபக்கம்தான் நடந்தேன். நம் தெருக்களில் கைவண்டி எந்தச் சந்திலிருந்து எப்போது பாயும் என்று சொல்ல முடியாது, அந்தப் பக்கம் உனக்கு நிழல்தான். வண்டிப்பலகை எல்லாம் என் இடுப்பில் பட்டது. அங்கே இன்றைக்கும் தோல் காய்த்துப் போயிருக்கிறது. நீ போய் ஐந்து மாதம் ஆகியும் எனக்கு நடு ரோட்டில் நடக்க வரவில்லை. தனியாகப் போனாலும் இடது ஓரமாகவே போகிறேன், வலது கைப்பக்கம் ஓர் ஆள் அகலம் விட்டு.

நேற்றுக் குப்பியை உடைத்துவிட்டு அப்படித்தான் வெளியே போனேன். சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று பின்னால் வந்து என் இடுப்பில் இடித்தது.

"எடோ, வலத்து பாகம் மொத்தம் காலியல்லே. ஆர்க்கு வேண்டியா எடம் விட்டு நடக்குன்னே?" என்றான் வண்டிக்காரன்.

எனக்கு எதற்கும் ஒரு கதை உண்டு, உனக்குத் தெரியும். நேற்று கதைக்குப் பதில் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவன் சின்ன வயசுக்காரன், பதிலுக்கு நாலு வைத்தான். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, அதே ஓரமாகவே நடந்துபோனேன்.